அறுக்கும் நேரம்

கயிறு என்று சொல்லக் கூடாதாம்.
நாடா என்று எழுதியிருந்தது பெட்டியின்மேல்.
சுண்டுவிரல் நகத்தின் அகலம்; இருபது கிலோமீட்டர் நீளம்;
அலுமினியப் பின்னலுக்குள் நான்கு வெள்ளை இழை.
சூரமங்கலத்தில் எங்கள் சோதனைக்கூடத்து வாசலில்
இறக்கிவைத்த லாரி சர்வீஸ் பையன்
கொசுவலையா மேடம் என்று கேட்டு
கையெழுத்து வாங்கிப் போனான்.

பதினோரு மாதம் இழுத்தேன்.
என் வேலையே அதுதான். இரண்டு தாடைகளில் கவ்வி
அறுகிற வரை இழுப்பது,
அறுந்த எண்ணைப் பென்சிலால் எழுதுவது.
விசைத்தறிப் பாவுநூல், கார் சீட் பெல்ட்,
கிணற்று மோட்டாரைத் தொங்கவிடும் நைலான்,
அப்புறம் இது.
சுட வைத்து இழுத்தேன். உறைய வைத்து இழுத்தேன்.
நான்கு இழையில் மூன்றை நானே வெட்டிவிட்டு இழுத்தேன்.
நான்காவது தாங்கியது.
அன்றைக்கு ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

மேல்முனையில் ஒரு புதுச் செயற்கைக்கோள்,
உயரம் போதாமல்.
கீழ்முனையில் செத்த பழையது ஒன்று;
மழை வரும் வராது என்று
ஒன்பது வருஷம் சொல்லிக்கொண்டிருந்தது.
நடுவே என் நாடா, விறைப்பாக,
இரண்டையும் ஒரே நடையில் நடத்திக்கொண்டு.
அந்த நடை மேலே இருப்பதற்கு அதிகம்,
கீழே இருப்பதற்குப் போதாது.
கட்டியிருக்கும் வரை தெரியாது.
அறுத்தால்
ஒன்று ஏறும், ஒன்று இறங்கும்,
அரைச் சுற்றில் நாடாவைப்போல ஏழு மடங்கு தூரம்
இரண்டுக்கும் நடுவே.

கோதண்டத்தின் ஆம்னியில் போனோம், விடியற்காலை மூன்றரைக்கு.
அண்ணன். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுக்குத் திருகு வைக்கிறவன்.
பத்தாவதோடு நின்றான்.
அந்த வருஷம் நான் பாலிடெக்னிக் சேர்ந்தேன்.
ஒரே வாக்கியமாக இதை
எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை.

அடிவாரம் செக்போஸ்ட் தாண்டியதும் சொன்னேன்:
இங்கே ஒரு முனையைக் கட்டினால்
மறுமுனை ஏரிக்கரை வரைக்கும் வரும்.
இருபது ஊசிமுனை வளைவையும் சேர்த்தா, என்றான்.
சேர்த்துத்தான்.
அம்மாடி, என்றான், கியரை மாற்றி.

பகோடா பாயிண்டில் குளிர் முழங்காலில் ஏறியது.
சில்வர் ஓக் மரங்களுக்கு மேலே
ஐந்து மணி பன்னிரண்டுக்கு வந்தது.
புள்ளி இல்லை.
நிமிர்த்தி வைத்த ஊசி,
எதையும் தைக்காமல் நகர்ந்து போயிற்று.
கோதண்டம் மங்கி கேப்பைக் கழற்றினான்,
ஏனென்று தெரியவில்லை.

கடலுக்கு மேலே போய்த்தான் அறுத்தார்கள்.
ராஜகணபதி போனில் கத்தினான்:
அறுந்துடுச்சு மேடம்! சுத்தமா அறுந்துடுச்சு!
பின்னால் கைதட்டல் கேட்டது.
பதினோரு மாதமாக அந்தச் சொல்லுக்குப்
பென்சிலை எடுத்த கை
சட்டென்று பையைத் துழாவியது.

டீக்கடை திறக்கும் வரை வண்டியில் உட்கார்ந்திருந்தோம்.
கீழ போறது என்னாகும்?
எரிஞ்சுடும்.
உன் நாடா?
அதோடவே போகும். கீழ்முனையில்தான் முடிச்சு.
மேல போனது?
இன்னும் பன்னிரண்டு வருஷம் ஓடும்.
கணக்குப் போடுகிறவன்போல விரலை மடக்கினான்.
பழசுல வெள்ளி ஏதாச்சும் இருந்துச்சா?
கொஞ்சம். பேட்டரியில்.
ச்சே, என்றான், நிஜமான வருத்தத்தோடு.
எனக்குச் சிரிப்பு வந்தது. அவனுக்கும்.

இறங்கும்போது வெளுத்துவிட்டது.
பதின்மூன்றாம் வளைவில்
கேஸ் சிலிண்டர் ஏற்றிய லாரி ஒன்று
முதல் கியரில் முனகிக்கொண்டு வந்தது.
கோதண்டம் ஓரம் கட்டினான்,
போதாமல் இன்னும் பின்னால் எடுத்தான்,
டயருக்குக் கீழே கல் உருண்டு பள்ளத்துக்குள் போய்
வெகுநேரம் கழித்துச் சத்தம் கேட்டது.

ஏறுற வண்டிக்குத்தான் வழி விடணும், என்றான்,
கண்ணாடிக்கு வெளியே பார்த்து.
லாரிக்காரன் ஒரு கையைத் தூக்கிவிட்டுப் போனான்.
நாங்கள் அங்கேயே நின்றிருந்தோம்,
கடைசி சிலிண்டர் வளைவில் மறையும் வரை,
ஹேண்ட் பிரேக் போட்டபடி.