இருபத்தாறு ஹெர்ட்ஸ்

காலணியைக் கழற்றச் சொல்கிறாள் ஹஸ்லினா.
காலுறை இருக்கட்டும்.
முட்டியைக் கொஞ்சம் மடக்குங்க ஆன்ட்டி,
பூட்டி நிற்காதீங்க,
பூட்டினால் ஆட்டம் தலைக்கு ஏறிவிடும்.

தட்டு என்கிறார்கள் இதை.
எடை பார்க்கும் இயந்திரத்துக்குப் பெரியக்கா மாதிரி இருக்கிறது.
பொத்தானை அமுக்கியதும்
தொடை, இடுப்பு, தொங்கும் கன்னம்
ஆளுக்கொரு பக்கம் பேசத் தொடங்குகின்றன.
அறுபது விநாடி.
அடுத்த தட்டில் மிஸ்டர் குவெக்
'ஆ' என்பார். அது
ஆ-ஆ-ஆ-ஆ என்று உதிரும்.
ஒவ்வொரு முறையும் சொல்வார்,
ஒவ்வொரு முறையும் சிரிப்பார்.

எனக்குச் சிரிப்பு வராது.
நடுங்காமல் இருப்பதற்கே
முப்பத்தோரு வருஷம் சம்பளம் வாங்கியவள் நான்.

காலாங்கில் தொழிற்சாலை.
நுண்ணோக்கிக்கு அடியில்
மயிரைவிட மெல்லிய தங்கக் கம்பியைச்
சில்லோடு சேர்த்துத் தைக்கவேண்டும்,
மூச்சு விட்டு மூச்சு எடுக்கும் இடைவெளிக்குள்.
கை ஆடும் என்று
வேலை நாளில் காப்பி தொட்டதில்லை.
அப்பா காரியம் முடிந்து திரும்பிய அன்று
நாற்பத்தொரு சில்லு சிவப்புத் தட்டில் விழுந்தது.
லைன் லீடர் ஊய் ஒன்றும் சொல்லவில்லை.
ஒரு வாரம்
பெட்டி ஒட்டும் மேசைக்கு மாற்றினாள், அவ்வளவுதான்.

அன்றும் தட்டு. இன்றும் தட்டு.

ஆடுகிற தரையில் விழாமலிருக்க
தசை தானே இறுகுமாம், நாம் ஏவாமலே.
'எல்லாருக்கும் ஒரே மாதிரி பலிக்காது ஆன்ட்டி.'
நேர்மையான பெண்.

கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழவேண்டும்,
அரை நிமிஷத்தில் எத்தனை தடவை என்று கணக்கு.
முதல் நாள் ஆறு;
ஆறாவதைப் பாதி என்றுதான் எழுதினாள்.
பன்னிரண்டாம் வாரம் ஒன்பது.
ஒன்பது பெரிய எண்ணா, தெரியாது.
மிஸ்டர் குவெக் இரண்டு வாரமாக வரவில்லை.
அவருடைய துணிப்பை கொக்கியில் தொங்குகிறது.
யாரும் கேட்கவில்லை.
நானும்தான்.

முந்தாநாள் தெலுக் பிளாங்கா சாலையைக் கடக்கையில்
முதியோர் அட்டையைத் தட்ட மறந்துபோனேன்.
நடுச்சாலையில்தான் உறைத்தது.
கூடுதல் விநாடி கிடையாது.
பச்சை மனிதன் கண்சிமிட்டத் தொடங்கிவிட்டான்.
ஒரு கையில் கங்கோங் கட்டு,
மறு கையில் பத்து முட்டை.
ஒன்பது, எட்டு,
ஒரு டாக்சி உறுமுகிறது,
ஐந்து,
இரண்டில் எதிர்ப்பக்கம் ஏறிவிட்டேன்.
முட்டை உடையவில்லை.

நடைபாதையில் கொஞ்சம் நின்றேன்.
எங்கோ அடியில் ரயில் போனது;
காதுக்குக் கேட்கவில்லை,
பாதத்துக்குத் தெரிந்தது.
முட்டியைப் பூட்டவில்லை நான்.

பிறகு முக்குக் காப்பிக்கடையில்
ஒரு கோப்பி-ஓ.
தூக்கிப் போகும்போது
கோப்பை சாசரில் கிணுகிணுத்தது, ஊரே கேட்க.

ஊய், எங்கே இருக்கிறாயோ,
எழுதிக்கொள்.