தோன்றா எழுவாய்

சால்ட்டோவில் கோப்பையைக் கைநழுவவிட்டவன்
"எனக்குக் கோப்பை விழுந்துவிட்டது" என்பான்.
எங்கள் உருகுவாய் நாட்டுப் பேச்சு அப்படி.
குற்றமெல்லாம் கோப்பைக்குத்தான்.
அதே பேச்சில்தான் அரசின் அறிக்கையும்:
மணி ஒலிக்கவில்லை.
புண் கவனிக்கப்படவில்லை.
நெலிடா பெரெய்ரா, எழுபத்தொன்பது, காப்பாற்றப்படவில்லை.
நூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
தேடிப் பார்த்தேன், ஓர் ஆளைக் காணோம்.

இலக்கணத்தில் அவனுக்குப் பெயர் உண்டு:
தோன்றா எழுவாய்.
வினையைச் செய்துவிட்டு
வாக்கியத்தைவிட்டு வெளியே போய் நிற்பவன்.

எனக்கு அவனைத் தெரியும்.
சவரம் செய்யும்போது எதிரே நிற்கிறான்.
ருபெர்ட்டோ எச்செகோயென், ஆய்வாளர், இரண்டாம் நிலை,
முதியோர், மாற்றுத்திறனாளிகள் இல்லங்கள், வடக்கு வட்டம்.

ஆய்வுக்குப் பத்து நாள் முன்பே கடிதம் போய்விடும்.
விதியை எழுதியது நானல்ல.
தபால்தலை ஒட்டியது நான்.
அக்குளில் மாத்தே ஃபிளாஸ்க்கோடு போய் இறங்கினால்
தரை எலுமிச்சை மணக்கும்.
எல்லோரும் மடிப்புக் கலையாத சட்டையில்;
ஒருவர் காலரில் விலைச்சீட்டு.

படிவத்தில் பதினேழாம் கேள்வி:
அழைப்பு மணி. உண்டு, இல்லை.
உண்டு என்று குறித்தேன்.
உண்டுதான்.
கயிற்றைத் திரைச்சீலைக் கம்பியில் சுற்றி
இரட்டை முடிச்சுப் போட்டிருந்தார்கள்,
நிற்பவன் கைக்கு எட்டும் உயரத்தில்.
நான் நின்றுகொண்டிருந்தேன்.

வில்மார் என்றொருவர். காது கேளாது,
பேச்சு முழுக்கக் கைகளில்.
அந்தக் கைகளைப் படிக்கத் தெரிந்தவர்
எங்கள் துறையில் எவரும் இல்லை.
என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.
காலணிக் கயிற்றை அவிழ்த்தார், முடிந்தார்,
அவிழ்த்தார், முடிந்தார், மேலே காட்டினார்.
"அவர் அப்படித்தான், சார்" என்றாள் மேலாளர்.
நான் எழுதினேன்:
தானே காலணி கட்டுகிறார். நல்ல முன்னேற்றம்.

ஜூலை. எங்களுக்கு ஜூலைதான் குளிர்.
கட்டிலுக்கும் சுவருக்கும் இடையே நெலிடா
விழுந்து கிடந்தது ஐந்து மணி நேரம்.
தலைக்கு மேலே கயிறு.
திறந்திருந்த கதவு வழியே பார்த்தவர் வில்மார் ஒருவர்தான்.
கழற்றிய காலணியால் இரும்புக் கதவை
அடித்துக்கொண்டே இருந்திருக்கிறார்,
தான் எழுப்பும் சத்தம் தனக்கே கேட்காமல்.
இரவுப் பொறுப்பேட்டில் ஒரே வரி:
"வில்மார் தொந்தரவு. தூக்க மருந்து கொடுக்கப்பட்டது."

விசாரணைக்கு மொண்டெவிடியோவிலிருந்து துணைச் செயலர் வந்தார்.
அமைப்பின் தோல்வி என்றார்.
வரிசையாகத் தலைகள் அசைந்தன.
நெலிடாவின் அக்காள் மகள் கிரிசெல்டா கேட்டாள்:
"அமைப்புக்கு எந்தத் தெருவில் வீடு?
மாதம் எவ்வளவு சம்பளம்?
நான் போட்ட மூன்று புகார்களையும்
அது எந்தக் கையால் வாங்கி வைத்தது?"
மூன்றிலும் முத்திரை இருந்தது: பெறப்பட்டது.

நாற்பத்தொரு இல்லங்கள், இரண்டே ஆய்வாளர்கள்.
ஜீப்புக்குப் பாதி மாதம் டீசல் கிடையாது.
நான் தயாரித்து வைத்திருந்த பதில் அது.
ஒரு எழுத்துப் பொய்யில்லை.
பொய்யைவிட உண்மைக்குப் பின்னால்
ஒளிந்துகொள்ள இடம் அதிகம்.

பிறகு வில்மாரை அழைத்தார்கள்.
பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு பெண்.
அவர் கைகள் சுருக்கமாகப் பேசின.
"தலைவர் தரையில் உட்கார வேண்டுமாம்" என்றாள்.
சிரிப்பு.
"உட்கார்ந்து அந்தத் திரைச்சீலைக் கம்பியைத் தொட வேண்டுமாம்."
சிரிப்பு குறைந்தது.
தலைவர் கண்ணாடியைத் துடைத்தார்,
அடுத்த சாட்சி யாரென்று கேட்டார்.

மூன்றாம் வரிசையிலிருந்து எழுந்தேன்.
மேசைக்கும் சன்னலுக்கும் நடுவே போய்
தரையில் உட்கார்ந்தேன். ஓடு சில்லென்றிருந்தது.
கையை நீட்டினேன்.
தோள்பட்டை கழன்றுவிடும்போல நீட்டினேன்.
கம்பி எங்கோ இருந்தது.

"உண்டு என்று குறித்தது நான்" என்றேன்.
"கட்டியவள் பெயர் சொல்கிறேன்.
கட்டச் சொன்னவர் பெயரும்.
புகார்களை வாங்கி அடுக்கியவர்
இந்த மேசையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறார்."

சுருக்கெழுத்துக்காரி பேனாவைத் தூக்கிக்கொண்டு
எட்டி எட்டிப் பார்த்தாள்.
மேசை மறைத்தது.

"பேசுவது யார்?" என்று கேட்டாள்.