விளாத்திமோட்டைத் துருசில் ஒரு பகல்

பெட்டியைத் திறந்ததும் தெரிந்துபோயிற்று.
கீழ் லிமிட் சுவிட்சின் நாக்கில்
குளவி மண்வீடு கட்டியிருந்தது,
சுண்டுவிரல் பருமனில் மூன்று அறை.
போன சிறுபோகத்தில்
கதவு அடிக்கல்லைத் தொட்ட பிறகும்
மோட்டர் நிற்காமல் இறுக்கி இறுக்கி
இரும்புத் தண்டை வில்லாக வளைத்தது
இதனால்தான்.
திணைக்களத்துக் கடிதத்தில்
'இயக்குநரின் கவனயீனம்' என்றிருந்தது.
இயக்குநர் புவிராசா என் பக்கத்தில்தான் நின்றார்.
மண்ணைச் சுரண்டி அவர் உள்ளங்கையில் வைத்தேன்.
பார்த்தார்.
சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

புது ரிலே இரண்டு, வவுனியாவில் வாங்கியவை.
மோட்டரின் ஒரு கால் ஒன்றுக்கு, மறுகால் மற்றதுக்கு.
சும்மா கிடக்கையில் இரண்டும் மைனஸைப் பிடித்திருக்கும்.
ஒன்று எழும்பிப் பிளஸைத் தொட்டால் கதவு ஏறும்,
மற்றது எழும்பினால் இறங்கும்.
போதும் என்று சொல்லத்தான் லிமிட் சுவிட்சுகள்.
தொடாதவரை மூடியிருக்கும், தொட்டால் திறக்கும்.
இந்த இடத்தில் சேந்தன் ஒவ்வொரு முறையும் குழம்புவான்.
"அக்கா, கதவு திறந்தால் தண்ணி ஓடுது,
சுவிட்ச் திறந்தால் எல்லாம் நிக்குது.
ஆர் இப்பிடிப் பேர் வைச்சது?"
எனக்கும் தெரியாது.
பாதை திறந்தால் சனம் போகும்
பாதை பூட்டினால் சனம் நிற்கும்
என்றுதான் நாங்களும் படித்திருந்தோம்.
வயருக்குள் எல்லாம் மறுவளம்.

சுவிட்சுக்குக் குறுக்கே ஒரு டயோட்,
நெல்மணியைவிடக் கொஞ்சம் பெரிது.
வெள்ளிக்கோடு பார்த்துப் பற்றவைக்க வேண்டும்.
முட்டிய இடத்தில் கரண்ட் அறுந்தாலும்
திரும்பிவர மட்டும் அது வழிவிடும்.
அது இல்லையென்றால்
ஏறின கதவு ஏறினபடி,
குளம் வற்றும்வரை.

பத்தரைக்குள் கட்டில் ஆட்கள் கூடிவிட்டார்கள்.
தலைவாய்க்கால்காரர் மருதமர நிழலில்,
கடைமடைக்காரர் வெயிலில்.
அமைப்பின் செயலாளர் யோகவதி கேட்டா:
"ரெண்டு பொத்தானையும் ரெண்டு பேர்
ஒண்டா அமத்தினால் வெடிக்குமோ?"
"வெடிக்காது.
ரெண்டு காலும் பிளஸில நிக்கும்.
கதவு அசையாது."
"அப்ப எங்கட கூட்டம் மாதிரித்தான்."
நிழலும் வெயிலும் சேர்ந்து சிரித்தன.
அரியகுட்டி மட்டும் சிரிக்கவில்லை.
அவருடைய இரண்டு ஏக்கரும்
தண்ணீர் கண்டு பதினோரு நாள்.

'மேல்' என்பதை அமத்தினேன்.
கதவு இறங்கியது.
கீழ்ச் சுவிட்சைத் தொட்டது, சுவிட்ச் திறந்தது,
மோட்டர் நிற்கவில்லை.
நான் பற்றவைத்த அதே டயோட்
மரியாதையாய் வழிவிட்டுக்கொண்டிருந்தது.
புதுத் தண்டு முனகத் தொடங்கியது.
பொத்தானிலிருந்து விரலை எடுக்க வேண்டும் என்பது
எனக்குத் தோன்றவில்லை.
பதினெட்டு வருடத் தொழில்.
புவிராசாதான் பாய்ந்து
பற்றறிக் கிளிப்பைப் பிடுங்கினார்.

ஒருவரும் பேசவில்லை.
கட்டில் ஒரு மோட்டார்சைக்கிள் போனது.
மோட்டர்க் கால்களில் சிவப்பும் கறுப்பும் இடம் மாறியிருந்தன,
மாற்றிப் பூட்டியது நான்.
கவனயீனம் என்ற சொல்லை அவர் சொல்லவில்லை.
சொல்லியிருக்கலாம்.
சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துவிட்டுக்
கிளிப்பை என் கையில் தந்தார்.

இரண்டு வயரையும் மாற்றினேன்.
இந்தமுறை பொத்தானில் அவருடைய விரல்.
டக்.
கதவு ஏறியது, மேலே முட்டியது, நின்றது.
துருசுக்குக் கீழே தண்ணீர்
முதலில் சருகைத் தள்ளிக்கொண்டு,
பிறகு ஒரு செருப்பையும் தள்ளிக்கொண்டு போனது.
அரியகுட்டி அதற்கு முன்னால் நடக்கத் தொடங்கினார்,
தண்ணீருக்கு வழி தெரியாது என்பதுபோல.

மூடியைப் பொருத்தி விளிம்புக்கு ரப்பர் ஒட்டினேன்.
எறும்பும் புகாது.
நான்கு ஆணியில் மூன்றை முறுக்கியாயிற்று.
அப்போது அது வந்தது,
வாயில் ஈரமண்ணோடு.
பெட்டியை இரண்டு சுற்றுச் சுற்றியது,
மூடியில் இருந்தது, எழும்பியது,
திரும்ப அதே இடத்தில் இருந்தது.
நாலாவது ஆணியைக் கையில் வைத்துக்கொண்டு
கொஞ்சநேரம் நின்றேன்.
பிறகு முறுக்கினேன்.