எளிதாக, சிரமத்தோடு, முடியாது

வேலூர் பல் ஆஸ்பத்திரியில்
நீலக் கையுறை போட்ட பெண்
படிவத்தைப் பார்த்துக் கேட்கிறாள்:
கேரட் கடிப்பீங்களாம்மா?
எளிதாக, சிரமத்தோடு, முடியாது,
மூணில் ஒண்ணு சொல்லுங்க.

கேரட்டை நான் எப்போது கடித்தேன்.
சாம்பாரில் வெந்து வந்தால் உண்டு.
முறுக்கைக் கேள், தாயி.
காட்பாடி பிளாட்பாரத்து மாங்காய்க் கீற்றைக் கேள்.
எலும்போடு ஒட்டிய சவ்வைக் கேள்.

மேலே ஏழு போச்சு, கீழே ஒன்பது.
ஆம்பூர் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம்
ஷூவுக்கு மேல்தோல் தைத்தவள்,
நூலைக் கடித்தே அறுத்தவள்.
கத்தரி எடுக்க ஒரு நொடி, வைக்க ஒரு நொடி.
பல் பக்கத்திலேயே இருந்தது.
எந்த ஊரிலோ எவனோ நடக்கிறான்
என் எச்சில் பட்ட நூலோடு.
சர்க்கரை ஈறைத் தின்றது,
மிச்சத்தை நூல் தின்றது.

பல் போனால் சொல் போகும் என்பார்கள்.
சூப்பர்வைசரிடம் சண்டை போட
ஈறே போதும்.
எனக்குப் போனது மதியச் சாப்பாடு.

சங்கு ஊதினால் அரை மணி நேரம்.
ஆறு பேர், ஆறு டப்பா,
நடுவில் திறந்துவைத்த மூடிகள்.
எஸ்தரின் வறுத்த கருவாடு,
தபசும் வீட்டுச் சுக்கா.
எடுக்கலாம்தான். எடுத்தால்
இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்குத்
தள்ளித் தள்ளி,
அவர்கள் கை கழுவி வந்த பிறகும்
அதே துண்டோடு உட்கார்ந்திருப்பேன்.
ஒருநாள் கைக்குட்டையில் துப்பியதை
எஸ்தர் பார்த்துவிட்டாள்.
பார்க்காதவள்போலத் தண்ணீர் குடித்தாள்.
அதுதான் வலித்தது.

மறுநாள் வயிறு சரியில்லை என்றேன்.
அப்புறம் விரதம் என்றேன்.
எந்தச் சாமிக்கு, தபசும் கேட்டாள்.
வாயில் வந்த சாமியைச் சொன்னேன்.
ஸ்டோர் ரூம் அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால்
நின்றபடி ஏழு மாதம்
ரசஞ்சோறு விழுங்கினேன்.

ராத்திரிக்குக் களி.
களியை மெல்லக்கூடாது, விழுங்கணும்,
எங்கள் பக்கத்துச் சட்டம் அது.
களி முன்னால் பல்லுள்ளவனும் நானும் ஒன்று.
தொட்டுக்கொள்ள இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய்,
வெண்ணெயாய்க் கரையும்.
அதையே எத்தனை நாள்.

மகள் சீமந்தப் பந்தியில்
பாதி இலையோடு மூடிவிட்டு எழுந்தேன்.
கறி சரியில்லையா, என்ன குறை வைத்தோம் என்று
சம்பந்தியம்மா மூன்று மாதம் பேசவில்லை.
பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பொறுத்துக்கோ, பவுனு,
என்றார் வீட்டுக்காரர்.
எதை.

அந்தப் பெண் அடுத்த பக்கம் திருப்புகிறாள்:
பல்லால போன மாசம் மனசு சங்கடப்பட்டீங்களா?
இல்லை, எப்போதாவது, அடிக்கடி.
எப்போதாவதுன்னு போட்டுக்கோம்மா.
போட்டுக்கொண்டாள். சின்னக் கட்டம்,
அதற்குள் ஒரு டிக்தான் பிடிக்கும்.

பல்செட் வந்தது,
வாய்க்குள் வாடகைக்கு வந்த யாரோ மாதிரி.
இரண்டு வாரம் புண். இரண்டு தடவை ராவினார்கள்.
மூன்றாம் தடவை திரும்பும்போது
பள்ளிகொண்டாவில் பஸ் நின்றது,
ஜன்னலுக்கு வெளியே வறுத்த கடலை,
பத்து ரூபாய் பொட்டலம்.

ஒரே ஒரு கடலை.
கடைவாயில் வைத்து, கண்ணை மூடி,
டக்.
ருசி அப்புறம்தான் வந்தது.
முதலில் சத்தம், காதுக்குள், மண்டைக்குள்.
இத்தனை நாள் நான்
சத்தமில்லாமல் தின்றிருக்கிறேன்.

மாதனூர் வரைக்கும் ஒன்பது கடலை.
ஒன்று தட்டுக்கு அடியில் போய்க் குத்தியது,
நாக்கால் தோண்டி எடுத்தேன்.
மிச்சத்தை முந்தானையில் முடிந்துகொண்டேன்.

நாளைக்கு மூடிகளுக்கு நடுவில் கொட்டினால்
விரதம் முடிஞ்சுதா என்பாள் தபசும்.
எந்தச் சாமி பேரைச் சொன்னேன் என்று
ஆம்பூர் வரைக்கும் யோசித்தேன்,
ஞாபகமே வரவில்லை.