அடி: கடல்மட்டம், உச்சி: வரம்பில்லை

காலை ஆறு பத்துக்கு வந்தது அறிவிப்பு.
பிரிண்டர் வழக்கம்போல முதல் வரியை விழுங்கிவிட்டது.
மீதியில் நான்கு முனைகள் இருந்தன.
சுவர் வரைபடத்தில் பென்சிலால் கோடிழுத்தேன்:
வங்கக் கடல்மேல் ஒரு கட்டம்,
யாரோ ஒரு மூலையை மட்டும் பிடித்திழுத்த
பாயைப்போலச் சாய்வாக.

தொடக்கம், மதியம் ஒன்றரை.
முடிவு, ஐந்தரை.
அடி, கடல்மட்டம்.
உச்சி, வரம்பில்லை.

என் வீட்டுப் பத்திரத்துக்கு நான்கெல்லை உண்டு.
வடக்கே பச்சையப்பன் வீட்டுச் சுவர்,
கிழக்கே மூன்றடிச் சந்து,
அதற்கே இரண்டு வருடம் கோர்ட்டுக்கு நடந்தேன்.
மேலெல்லையை எந்தப் பதிவாளரும் கேட்டதில்லை.
இந்தத் தாளில் அது இருக்கிறது,
இல்லை என்று எழுதியபடி.

இதே கட்டம்
வீராம்பட்டினத்தில் என் மச்சான் கலியவரதனுக்கும் போயிருக்கும்,
ஆட்டோவில் கட்டிய ஒலிபெருக்கி வழியாக.
அவனுக்கு அடி போதும்.
உச்சியை அவன் கணக்கில் எடுப்பதில்லை,
டீசலுக்குத்தான் கணக்கு.

லாஸ்பேட்டையில் மதியத்துக்கு ஒரே விமானம்.
ஹைதராபாத், இரண்டு ஐந்து.
"கட்டம் நம் தலைமேல் இல்லையே?"
என்றார் கேப்டன் மரிய ஸ்தெல்லா.
முத்தியால்பேட்டைக்காரர், கேட்டால் பதில் வேண்டும்.
இல்லை கேப்டன்,
சென்னை எல்லோரையும் மேற்கே ஒதுக்குகிறது,
வரிசையில் நாம் பதினான்காவது.
"பதினான்கா?"
பதினான்கு.

கண்ணாடிக்கு அப்பால் அறுபத்தொரு பயணிகள்.
மறுநாள் விசா நேர்காணலுக்குப் போகிறவன்
கோப்பைத் திறந்து திறந்து மூடினான்.
பனங்கிழங்குக் கட்டை மடியில் வைத்திருந்த அம்மாள்
அதைக் கைமாற்றிக்கொண்டே இருந்தார்.
சட்டைப்பையில் மூன்று பேனா வைத்த ஒருவர்
கவுன்டரில் கையூன்றிக் கேட்டார்,
"எனக்கும் ராக்கெட்டுக்கும் என்னங்க சம்பந்தம்?"

நல்ல கேள்வி.
அவருக்கும் அதற்கும் நடுவே
உதிரப்போகும் ஒரு காலி உருளை இருக்கிறது,
அது எங்கே விழும் என்று அதற்கே தெரியாது,
அதனால்தான் கட்டம்.
நான் சொன்னது, "தாமதத்துக்கு வருந்துகிறோம்."

ஓடுபாதை ஓரம் ஆட்காட்டிக் குருவி கத்திக்கொண்டிருந்தது.
யார் வந்தாலும் கத்தும், சம்பளமில்லாமல்.

மூன்று பத்துக்கு எல்லோரும் போனை உயர்த்திப் பார்த்தோம்.
எண்கள் இறங்கின.
நான்கு நிமிடம் மீதி என்கையில் நின்றன.
ஏதோ ஒரு வால்வு, என்றார்கள்.
மறுபடி ஏற்றி, மறுபடி இறக்கி,
நாலரைக்கும் அதே வால்வு.
பேனாக்காரர் என்னைப் பார்த்தார்,
வால்வு என் டிராயரில் இருப்பதைப்போல.

அப்போதுதான் தோன்றியது.
ஒன்றரையிலிருந்து அங்கே எதுவுமில்லை.
விமானமில்லை, படகில்லை,
வரவேண்டியதும் வரவில்லை.
கண்ணில் படாத வேலி போட்டு
இத்தனை பேரைக் காக்கவைத்து
நாங்கள் ஒரு வெற்றிடத்தைப் பத்திரமாகப் பார்த்துக்கொண்டோம்.
சிரிப்பு வந்தது. கொஞ்சம் மரியாதையும் வந்தது,
எதற்கென்று சொல்லத் தெரியவில்லை.

ஐந்தரைக்கு அடுத்த தாள்.
ஏவுதல் ஒத்திவைப்பு. நாளை, அதே நேரம், அதே முனைகள்.

ஐந்து நாற்பத்தெட்டுக்கு ஸ்தெல்லா கிளம்பினார்,
கிழக்கே ஏறி, கடலைத் தொட்டுத் திரும்பும் வழியில்.
அலைவரிசை மாறுவதற்குமுன் அவர் குரல்:
"உங்கள் கட்டம் இருந்த பக்கம் பார்க்கிறேன்."
என்ன இருக்கிறது?
"ஒரு மேகம். சின்னது.
மதியத்திலிருந்து அங்கேயே நின்றிருக்கும்போல,
அனுமதியில்லாமல்."

நாளை எனக்கு வார விடுப்பு.
ரப்பரை எடுத்தேன், திரும்ப வைத்தேன்.
வரைபடத்தின் ஓரம் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டினேன்:
அழிக்க வேண்டாம். நாளையும் இதே.