மனசு ஒப்பலீங்க

வெள்ளைக் குதிரையில் குறையே இல்லை,
அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

நாலு வயசு என்றார் தரகர் ரகமத்துல்லா,
உதட்டைப் பிரித்தார், பல்லும் அதையே சொன்னது.
குளம்பில் வெடிப்பில்லை.
சுழி பார்க்கிற பொங்கியண்ணன்
நெற்றி, கழுத்து, விலா என்று விரல் வைத்துப் போய்
"ராஜ சுழிங்க,
கண்ண மூடீட்டு வாங்கலாம்" என்றார்.

கண்ணை மூடினேன்.
அப்போதுதான் அது வந்தது,
அடிவயிற்றில்
ஈரத்துணியை யாரோ பிழிகிற மாதிரி.

திருப்பூரில் பதினாறு வருஷமாகச் செக்கிங் மேசை எனக்கு.
நாளைக்கு எண்ணூறு பனியன்.
கண் போகும் முன்னே விரல் நின்றுவிடும்,
அங்கே ஓட்டை இருக்கும்
அல்லது நூல் விட்டிருக்கும்.
"எப்பிடிக்கா தெரிஞ்சுது?" என்பான் சூப்பர்வைசர்.
மாயமெல்லாம் இல்லை,
பதினாறு வருஷம் விரலுக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது.

குதிரையிலோ
எனக்குப் பதினாறு நிமிஷம்கூட ஆகவில்லை.
பிறகு எந்த விரல் என்னை நிறுத்துகிறது?

இதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.
இதே வயிறுதான்
ஏலச்சீட்டு நடத்திய சரசாளைத்
தங்கமான பொம்பளை என்றது.
ஒண்ணேமுக்கால் லட்சத்தோடு அவள் போன பிறகும்
ரெண்டு மாசம் அதையே சொல்லிக்கொண்டிருந்தது.

துண்டுக்கடியில் விரல் பிடித்துத்தான்
அந்தியூர்ச் சந்தையில் விலை பேசுவார்கள்.
நான் பொம்பளை என்பதால்
தரகர் வாயைத் திறந்தே சொன்னார், ஒண்ணு நாப்பது.
சுற்றி நின்ற அத்தனை பேருக்கும் கேட்டது,
அத்தனை பேரும் தலையாட்டினார்கள்.

"மனசு ஒப்பலீங்க."

"என்ன கொறைங்க கண்டீங்க?"

சொல்லத் தெரியவில்லை.
அது என் கைக்கும், பொங்கியண்ணன் கைக்கும்,
ஆடிக் காற்றுக்கும்
ஒரே மாதிரி நின்றது.
அதுவாக இருக்கலாம்.
அதுவும் இல்லாமலிருக்கலாம்.

நாலு கொட்டாய் தள்ளி வேலாமரத்து நிழலில்
ஒரு பின்னங்காலைத் தளர்த்தி வைத்துத்
தூங்கிக்கொண்டிருந்தது செவலைப் பெட்டை.
தோளில் பழைய தழும்பு.
கழுத்தில் ஆகாத சுழியாம்.
ஒருத்தரும் விலை கேட்டிருக்கவில்லை.
பக்கத்தில் போய் நின்றேன்,
கண்ணைத் திறக்காமலே
ஒரு காதை மட்டும் என் பக்கம் திருப்பியது,
மேசையில் நான் தலை நிமிராமல்
வந்த ஆளை அறிகிற மாதிரி.

பொங்கியண்ணன் பீடி பற்றவைத்தார்.
"உங்க காசுங்க" என்றார்.

ஆப்பக்கூடல் தாண்டி
கரும்பு டிராக்டருக்குப் பின்னால்
டெம்போ நின்று நின்று போகையில்
வயிற்றைக் கேட்டேன், சரிதானே?
சத்தமே இல்லை.
சொல்கிறபோது சொல்லும்,
ரசீது தராது.

ஐப்பசியில் சேதி வந்தது,
வெள்ளைக் குதிரை இப்போது தாராபுரத்தில்.
மாப்பிள்ளை ஊர்வலம், செண்டைமேளம், ஆயிரம்வாலா,
எதற்கும் மிரளாதாம்.
தங்கமான குதிரை என்றார்கள்.

என்னுடையது வாளியை உதைக்கிறது.
தண்ணி லாரியைக் கண்டால்
ரோட்டை விட்டுச் சோளக்காட்டுக்குள் போய் நின்றுகொள்கிறது.
கல்யாண வாடகைக்கு என்று எழுதிக்கொடுத்துத்தான்
சொசைட்டியில் கடன் வாங்கினேன்.
இதன் மேல் எந்த மாப்பிள்ளையும் ஏறமாட்டான்.
வேறு எதற்கு எனக்குக் குதிரை என்று
பாரத்தில் எழுத இடமும் இல்லை,
எழுதத் தெரிந்திருக்கவும் மாட்டேன்.

நேற்று ஓவர்டைம் முடிந்து வர மணி பத்தரை.
ஊத்துக்குளி முழுக்கக் கரண்ட் இல்லை.
சுவர் எங்கே, முளைக்குச்சி எங்கே என்று
கையை நீட்டிக்கொண்டே நடந்தேன்.

கண்ணுக்கு முன்னே விரல் நின்றது.
வெதுவெதுப்பாக, மூச்சு விட்டுக்கொண்டு
ஒரு தோள்.
தழும்பும் அங்கேதான் இருந்தது.

குறைதான்.
கை அதைத் தள்ளிவைக்கவில்லை.