சாவிக்காரன்

மோதிரம்தான் முதலில் சொன்னது.
சோப்பு போட்டும் கழலவில்லை.
தொண்ணூறடி ரோட்டு ஆசாரி அறுத்தெடுத்து,
எடை போட்டு,
"தங்கம் கொறயல அக்கா, வெரல்தான் கூடியிருக்கு" என்றார்.

பிறகு செருப்பு. ஆறு, ஏழு.
ஒன்பதுக்கு ஆம்பளைக் கடைக்குப் போனேன்.
பல்லுக்குப் பல் சந்து விழுந்தது.
பாளையங்கோட்டைக்குப் போன் போட்டால்
"யாரு பேசுதீய? எங்க அக்காட்ட குடுங்க"
என்கிறாள் தங்கை.
மாதவிலக்கு நின்றதை மட்டும்
யாரிடமும் சொல்லவில்லை.

சயானில் ஒருநாள் மகளிர் பெட்டிக்குள்
டிக்கெட் பரிசோதகி ஏறினாள்.
பாஸைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.
மறுபடி பாஸை.
ஜெபக்கனி, பெண்.
இது நீ இல்லை என்றாள் மராத்தியில்.
நான்தான் என்றேன்.
அந்தக் குரலுக்குப்
பெட்டியே திரும்பியது.

அபராத ரசீதைத்தான்
பரேல் டாக்டரிடம் காட்டினேன்.
அதை மடித்து வைத்துவிட்டு
என் உள்ளங்கையைத் தன் உள்ளங்கையோடு
ஒட்டி வைத்துப் பார்த்தார்.

மூளைக்கு அடியில், மூக்குக்குப் பின்னால்,
குதிரைச் சேணம் போல ஓர் எலும்புக் குழி.
அதில் ஒரு பட்டாணி.
தைராய்டை எழுப்புவது, சினைப்பைக்குத் தேதி குறிப்பது,
பிள்ளை பிறந்தால் பால் சுரக்கச் சொல்வது,
இத்தனையும் அந்தப் பட்டாணி.
ராஜா சுரப்பி என்றார்.

ராஜா இல்லை டாக்டர்.
எங்கள் சாலுக்கு விடிகாலை நாலரைக்கு
ஒருத்தன் வருவான்,
ஆள் உயர இரும்புச் சாவியோடு.
முகம் யாருக்கும் தெரியாது.
அவன் கால் திருப்பு திருப்பினால்
ஐந்நூறு குடம் விழித்துக்கொள்ளும்.

என்னுடையவன்
எலும்புத் தெருவுக்குத் திறந்ததை
மூட மறந்துவிட்டான். நாலு வருஷம்.

மூக்கு வழியாகவே போய்ச் சுரண்டி எடுத்தார்கள்.
தும்மாதே, சிந்தாதே, குனியாதே.
குடித்த தண்ணீரும் பெய்த நீரும்
ஒரே ஜாடியில் அளவு.
நாலாம் நாள் விரல் வீக்கம் வடிந்தது.
தாடை அப்படியே.
எலும்பு போன தூரம் திரும்பாதாம்.

வீட்டுக்கு வந்த முதல் இரவு
தூக்கம் இல்லை.
இரும்பு இரும்பில் உரசும் சத்தம் கேட்டுக்
கதவைத் திறந்தேன்.
இருபது வயதுப் பையன்,
மூக்கை உறிஞ்சிக்கொண்டு, காலில் பிளாஸ்டிக் செருப்பு.

நிமிர்ந்து பார்த்து
"மணி என்ன பாய்?" என்றான்.

நாலு முப்பத்தைந்து என்றேன்.
ஐயோ, லேட் என்று
சாவியைத் திருப்பினான்.